பனிக்கரை மக்களும் பவழத்தீவு மக்களும்

உலகப் படத்தை விரித்து வைத்துப் பாருங்கள்.

உச்சியில், வட துருவத்தை ஒட்டினாற்போல், அலாஸ்கா என்று ஓர் இடம் தெரியும். அமெரிக்காவைச் சேர்ந்தது. 1867-ம் ஆண்டில் ரஷ்யாவிடம் இருந்து 72 லட்சம் டாலருக்கு அமெரிக்கா விலைக்கு வாங்கிய பூமி அது. அதன் வடகரையில் வாழும் ஆதிக்குடிகள் இனுப்பியாட் மக்கள். முன்பெல்லாம் இவர்களை "எஸ்கிமோ" என்று சொல்வார்கள். சொந்தப் பெயரால் அழைப்பதே இப்போது முறை.

இனி பசிபிக் கடலைத் தாண்டி ஆசியாப் பக்கம் வாருங்கள். ஜப்பானுக்கும் தைவானுக்கும் நடுவே மணி கோத்தது போலச் சில தீவுகள். அவைதான் ஓகினாவா.

அலாஸ்காவின் வடகோடியில் குளிர்காலத்தில் சுமார் இரண்டு மாதம் சூரியன் எழுவதே இல்லை. ஓகினாவாவில் கரும்பும் அன்னாசியும் விளைகின்றன. அங்கே உறைந்த கடல். இங்கே பவழப் பாறை.

இந்த இரண்டு ஜனங்களுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. இரண்டு இடத்திலும், மண்ணின் மக்களைக் கேட்காமலே மண் கைமாறியது. இரண்டு இடத்திலும் அமெரிக்காவின் கை இருக்கிறது. இரண்டு கதையிலும் 1972-ம் ஆண்டில் ஒரு திருப்பம் வருகிறது.

அந்தத் திருப்பத்தில் ஒருவர் கைக்கு அதிகாரம் வந்தது. மற்றவர் கைக்கு உதவிப் பணம் வந்தது. இரண்டும் ஒன்றா? பார்ப்போம்.

திமிங்கிலமும் ராஜ்யமும்

இனுப்பியாட் மக்களின் பெரிய ஊர் உட்கியாக்விக். பாரோ என்று இருந்த பெயரை 2016-ல் ஓட்டுப் போட்டு மாற்றி, பழைய தாய்மொழிப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவிலேயே வடகோடியில் உள்ள ஊர் இதுதான். வெளியூரில் இருந்து இங்கே வர ரோடு கிடையாது. விமானத்தில் வரவேண்டும். கோடையில் பனி உருகினால் சரக்குப் படகு வரும்.

பயிர் விளையாத பூமி. வேட்டைதான் சோறு போட்டது. திமிங்கிலம், கடல்நாய், கலைமான், மீன். ஐம்பது அடி நீளத் திமிங்கிலம் ஒன்று கிடைத்தால், அது படகுக்காரருக்கு மட்டும் சொந்தம் அல்ல. ஊருக்கே பங்கு. கிழவிக்கும் பங்கு, வேட்டைக்குப் போக முடியாத நோயாளிக்கும் பங்கு. நிலத்தைத் தோண்டினால் என்றும் உருகாத பனி. அதைக் குடைந்து அறை செய்து இறைச்சியை வைத்துக்கொள்வார்கள்.

ஓகினாவாவின் கதை வேறு. அது ஒரு ராஜ்யமாக இருந்தது. ரியூக்யூ ராஜ்யம் என்று பெயர். சீனா, ஜப்பான், தென்கிழக்கு ஆசிய நாடுகள் எல்லாவற்றோடும் கப்பல் வியாபாரம் நடத்தியது. 1609-ல் ஜப்பானியப் பிரபு ஒருவர் படையெடுத்து அதை அடக்கினார். 1879-ல் ஜப்பான் சர்க்கார் ராஜாவை இறக்கிவிட்டு, தீவுகளைத் தன் மாகாணம் ஆக்கிக்கொண்டது.

தாய்மொழி பேசினால் தண்டனை

இரண்டு இடத்திலும் பள்ளிக்கூடம் வந்தது. அது நல்லதுதான். ஆனால் பள்ளிக்கூடத்தோடு ஒரு கொடுமையும் வந்தது.

ஓகினாவாப் பள்ளியில் ஒரு பிள்ளை தாய்மொழியில் பேசிவிட்டால், கழுத்தில் ஒரு பலகையை மாட்டுவார்கள். இன்னொரு பிள்ளை அதே தப்பைச் செய்யும் வரை பலகை இறங்காது. பிள்ளையைப் பிள்ளை காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு இது.

அலாஸ்காவிலும் தாய்மொழி பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை உண்டு. கிராமத்தில் உயர்நிலைப் பள்ளி கிடையாது. ஆகவே 13, 14 வயதுப் பிள்ளைகளைப் பெற்றோரிடம் இருந்து பிரித்து, நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் உள்ள விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 1976-ல் ஒரு வழக்கு சமரசத்தில் முடிந்த பிறகுதான் கிராமங்களிலேயே உயர்நிலைப் பள்ளி வைக்கச் சர்க்கார் ஒப்புக்கொண்டது.

ரியூக்யூ மொழிகள் அழியும் ஆபத்தில் உள்ளவை என்று 2009-ல் யுனெஸ்கோ சொன்னது. இனுப்பியாட் மொழிக்கும் அதே ஆபத்துதான். பாட்டி பேசுவது பேரனுக்குப் புரியவில்லை.

யுத்தம் வந்தது, புல்டோசர் வந்தது

1945-ம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கப் படை ஓகினாவாவில் இறங்கியது. ஜூன் வரை சண்டை. இரு தரப்பிலுமாகச் சுமார் 2 லட்சம் பேர் மாண்டார்கள். தீவு மக்களில் நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில் செத்தார்கள். மாண்டவர்களின் பெயரை, எந்த நாட்டார் என்று பாராமல், அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள்.

சண்டை முடிந்தும் அமெரிக்கப் படை போகவில்லை. 1952-ல் ஜப்பான் சுதந்திரம் பெற்றது. ஓகினாவா மட்டும் அமெரிக்க ராணுவ ஆட்சியிலேயே விடப்பட்டது.

ராணுவத்துக்கு விமான நிலையம் வேண்டும், குண்டு போட்டுப் பழக மைதானம் வேண்டும். விவசாயிகளின் நிலத்தை எடுத்தார்கள். மறுத்தால் துப்பாக்கியோடு ஆள் வரும். பின்னாலேயே புல்டோசர் வரும். நிலம் இழந்த ஈயே தீவு விவசாயிகள் 1955-ல் பிச்சை எடுத்துக்கொண்டே ஊர் ஊராக நடந்து போய்த் தங்கள் கதையைச் சொன்னார்கள்.

1956-ல் அமெரிக்கா ஒரு யோசனை சொன்னது. "வாடகையை மொத்தமாக ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளுங்கள். நிலத்தை எங்களிடமே விட்டுவிடுங்கள்" என்பதே அதன் சாரம். தீவே திரண்டு எழுந்தது. கடைசியில் அமெரிக்கா இறங்கி வந்தது. மொத்தத் தொகை யோசனை கைவிடப்பட்டது. வருட வாடகை உயர்ந்தது. ஆனால் நிலம் திரும்பவில்லை.

1959-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி ஒரு அமெரிக்க ஜெட் விமானம் இஷிகாவா என்ற ஊரில் வீடுகள் மீதும் ஒரு தொடக்கப் பள்ளி மீதும் விழுந்தது. 11 பள்ளிப் பிள்ளைகள் உள்பட 17 பேர் இறந்தார்கள்.

அணுகுண்டில் ஒரு துறைமுகம்

அலாஸ்காக்காரர்களுக்கும் ராணுவம் புதிது அல்ல. ரஷ்ய விமானம் வருகிறதா என்று பார்க்க, 1950-களில் அந்தக் கடற்கரை நெடுக ரேடார் நிலையங்கள் எழுந்தன.

1958-ல் அதைவிடப் பெரிய ஆபத்து வந்தது. ஹைட்ரஜன் குண்டு செய்வதில் பேர்பெற்ற எட்வர்ட் டெல்லர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். பாயிண்ட் ஹோப் என்ற இனுப்பியாட் கிராமத்தில் இருந்து சுமார் 30 மைல் தூரத்தில், அணுகுண்டுகளை வெடித்துத் துறைமுகம் தோண்டுவது என்பதே அந்தத் திட்டம்!

கிராமத்தார் மறுத்தார்கள். கடிதம் எழுதினார்கள். கூட்டம் போட்டார்கள். 1962-ல் திட்டம் கிடப்பில் போடப்பட்டது. அதே ஆண்டில், அதே கிராமத்தில் பிறந்த ஓவியர் ஹோவர்ட் ராக் "டண்ட்ரா டைம்ஸ்" என்ற பத்திரிகையைத் தொடங்கினார். சிதறிக் கிடந்த ஊர்களை ஒரு குரலில் பேச வைத்தது அந்தப் பத்திரிகை.

எண்ணெய் கிடைத்தது

1968-ல் அந்த வடகரையில், புருடோ வளைகுடாவில், பெரிய எண்ணெய்ச் சுரங்கம் அகப்பட்டது. எண்ணெயைத் தெற்கே கொண்டுபோக 800 மைல் குழாய் போடவேண்டும். அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நிலம் யாருடையது?

1971-ல் அமெரிக்கப் பாராளுமன்றம் சட்டம் போட்டது. அலாஸ்கா ஆதிக்குடிகள் அனைவருக்கும் சேர்த்து 4 கோடியே 40 லட்சம் ஏக்கர் நிலம். 96 கோடியே 25 லட்சம் டாலர் பணம். மற்ற நிலம் முழுவதன் மீதும் இருந்த பழைய உரிமை அதோடு சரி.

நிலம் கோத்திரத்தின் கையில் தரப்படவில்லை. கம்பெனிகள் அமைத்து அவற்றிடம் தந்தார்கள். ஒவ்வொருவரும் பங்குதாரர். நேற்று வரை வேட்டைக்காரர், இன்று கம்பெனிப் பங்குதாரர்! வடகரை மக்களின் சங்கம் இந்த ஏற்பாட்டை எதிர்த்தே ஓட்டுப் போட்டது. "எங்கள் நிலம் பெரிது. ஆள் கணக்கில் பங்கு போடுவது நியாயம் இல்லை" என்றது.

ஆனால் அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. 1972-ல் ஒரு காரியம் செய்தார்கள்.

ஒரே ஆண்டு, இரண்டு வழி

நம் பழைய ஜில்லா போர்டு போன்ற ஓர் அமைப்பை அந்த ஆண்டில் அவர்கள் உண்டாக்கினார்கள். நார்த் ஸ்லோப் என்று பெயர். பரப்பில் பிரிட்டன் தீவைவிடப் பெரியது. ஜனத்தொகையோ 2020-ல் கூடச் சுமார் 11 ஆயிரம்தான். முதல் தலைவர் எபன் ஹாப்சன் என்ற இனுப்பியாட்.

போர்டுக்கு வரி போடும் அதிகாரம் உண்டு. எண்ணெய்க் கம்பெனிகளின் கிணறு, குழாய், கட்டிடம் எல்லாவற்றுக்கும் வரி.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? கோர்ட்டுக்குப் போயின. அலாஸ்கா உச்ச கோர்ட்டு 1974-ல் போர்டின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1977-ல் குழாயில் எண்ணெய் ஓடத் தொடங்கியது. வரியும் ஓடி வந்தது.

பள்ளிக்கூடங்கள் எழுந்தன. மருத்துவ நிலையங்கள் வந்தன. குழாய்த் தண்ணீரே உறைந்துவிடும் ஊரில், தரைக்கு அடியில் சூடேற்றிய சுரங்கம் கட்டி, அதற்குள் தண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் கொண்டுபோனார்கள். 1980-க்கும் 2014-க்கும் நடுவே அந்த ஜில்லாவின் சராசரி ஆயுள் பத்து ஆண்டுக்கு மேல் உயர்ந்தது.

இப்போது ஓகினாவாவைப் பாருங்கள். அதே 1972-ம் ஆண்டு மே 15-ந் தேதி அது ஜப்பானிடம் திரும்பியது. அமெரிக்க ஆட்சி போயிற்று. அமெரிக்க ராணுவத் தளங்கள் போகவில்லை.

ஜப்பானின் பரப்பில் ஓகினாவா நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. 0.6 சதவீதம்தான். ஆனால் ஜப்பானில் அமெரிக்கப் படைக்கென்றே ஒதுக்கிய இடத்தில் 70 சதவீதம் அங்கே இருக்கிறது. 14 லட்சத்துக்கும் அதிகமான ஜனங்கள் மீதி இடத்தில் நெருக்கி வாழ்கிறார்கள்.

இந்தத் தளங்களுக்கு வரி போட மாகாணத்துக்கு அதிகாரம் இல்லை. தளம் எங்கே இருக்கவேண்டும் என்று சொல்லவும் அதிகாரம் இல்லை. அதை டோக்கியோவும் வாஷிங்டனும் பேசி முடிவு செய்கின்றன.

சல்லடையில் ஊற்றிய தண்ணீர்

டோக்கியோ கைவிட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. 1972-ல் இருந்து 10 லட்சம் கோடி யென்னுக்கு மேல் வளர்ச்சிப் பணம் கொடுத்திருக்கிறது. ரோடு, துறைமுகம், அணை எல்லாம் வந்தன.

அப்படியும் ஓகினாவாவில் ஆள் ஒன்றுக்கு வருமானம் ஜப்பானின் சராசரியில் முக்கால் பங்குதான். 47 மாகாணங்களில் கடைசி இடம், அல்லது அதை ஒட்டிய இடம். 2016-ல் மாகாணம் வெளியிட்ட கணக்குப்படி, பிள்ளைகளில் 29.9 சதவீதம் பேர் வறுமையில் வாடினார்கள். ஜப்பான் முழுவதற்கும் அப்போதைய கணக்கு 16.3 சதவீதம். ஏறத்தாழ இரு மடங்கு.

காரணம் என்ன?

ஒரு காரணம் பழையது. அமெரிக்க ஆட்சியில் தீவுக்கென்று தனி நோட்டு அச்சடித்தார்கள். அந்த ஒரு யென்னுக்கு ஜப்பானின் மூன்று யென் மதிப்பு. தளம் கட்டச் சாமான்களை மலிவாக இறக்குமதி செய்ய இது வசதி. ஆனால் வெளிச் சரக்கு மலிந்தால் உள்ளூர்ச் சரக்கை யார் வாங்குவார்கள்? உள்ளூரில் செய்ததை வெளியே விற்கவும் கட்டுப்படியாகாது. ஜப்பானில் ஆலைகள் பெருகிய அதே காலத்தில், ஓகினாவாவில் ஆலை முளைக்கவே இல்லை.

இன்னொரு காரணத்தை அந்த ஊர்க்காரர்களே "சல்லடைப் பொருளாதாரம்" என்கிறார்கள். கட்டிட வேலைக்கு டோக்கியோ பணம் தருகிறது. பெரிய காண்டிராக்டை டோக்கியோ கம்பெனியே எடுக்கிறது. லாபம் வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது.

"தளம் போனால் ஓகினாவா பிழைக்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். 1972-ல் மாகாண வருமானத்தில் 15 சதவீதம் தளங்களால் வந்தது. இப்போது 5 சதவீதத்தை ஒட்டித்தான். தளங்களில் வேலை செய்யும் உள்ளூர்க்காரர் சுமார் 9,000 பேர். உல்லாசப் பயணிகளோ 2019-ல் ஒரு கோடிக்கு மேல் வந்தார்கள்.

நாஹா நகரில் அமெரிக்கப் படையினரின் குடியிருப்பு ஒன்று இருந்தது. 1987-ல் முழுவதும் திரும்பி வந்தது. அங்கே கடைகள், வீடுகள், அலுவலகங்கள் எழுந்தன. பழைய வரும்படியைப் போல 32 மடங்கு இப்போது கிடைக்கிறது என்று மாகாணம் கணக்குச் சொல்கிறது.

ஆனால் நில வாடகையை நம்பி வாழும் குடும்பங்களும் இருக்கின்றன. தளத்தில் பிள்ளைக்கு வேலை கிடைத்த வீடும் இருக்கிறது. ஆகவே ஊர் ஒரே மனதாக இல்லை.

யார் பேச்சு எடுபட்டது?

இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேற்றுமை நன்றாகத் தெரியும்.

1977-ல் அகில உலகத் திமிங்கிலக் கமிஷன், இனுப்பியாட் மக்களின் வேட்டைக்குத் தடை போட்டது. திமிங்கிலம் சில நூறுதான் மிச்சம் இருக்கிறது என்பது விஞ்ஞானிகள் கணக்கு. வேட்டைக்காரர்கள், "கணக்குத் தப்பு. பனிக்கு அடியில் நீந்திப் போகிறவை உங்கள் கண்ணில் படவில்லை" என்றார்கள்.

மற்ற ஏழை ஜனங்கள் என்றால் அத்தோடு கதை முடிந்திருக்கும். இவர்கள் கையில் வரிப் பணம் இருந்தது. விஞ்ஞானிகளை அமர்த்தினார்கள். தண்ணீருக்கு அடியில் ஒலிவாங்கி வைத்துத் திமிங்கிலத்தின் குரலைக் கேட்டு எண்ணினார்கள். வேட்டைக்காரர் சொன்னதே உண்மை என்று தெரிந்தது. இப்போது அங்கே பத்தாயிரத்துக்கு மேல் திமிங்கிலங்கள் உள்ளன. குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் வேட்டை நடக்கிறது.

ஓகினாவாவுக்கு வாருங்கள். 1995-ல் 12 வயதுச் சிறுமிக்கு மூன்று அமெரிக்கப் படையினர் இழைத்த கொடுமையால் தீவு கொதித்தது. 85 ஆயிரம் பேர் கூடினார்கள் என்று கூட்டம் நடத்தியவர்கள் சொன்னார்கள். ஊர் நடுவே உள்ள பூட்டன்மா விமானத் தளத்தைத் திருப்பித் தருவதாக 1996-ல் வாக்குறுதி கிடைத்தது. ஒரு நிபந்தனை. அதே தீவின் ஹெனோகோ கடற்கரையில் பதில் தளம் கட்டவேண்டும்.

2019 பிப்ரவரியில் பொது ஓட்டெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்களில் 70 சதவீதத்துக்கு மேல், "கடலைத் தூர்க்காதே" என்றார்கள். வேலை நிற்கவில்லை. மாகாண கவர்னர் ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர். கட்டிட மாறுதலுக்கு அவர் அனுமதி தர மறுத்தார். 2023 டிசம்பரில் கோர்ட்டு டோக்கியோவின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர் அப்போதும் மறுத்தார். டோக்கியோ சர்க்கார் அவருக்குப் பதில் தானே அனுமதியைக் கொடுத்துக்கொண்டது.

அங்கே ஜில்லா போர்டு கோர்ட்டில் ஜெயித்து வரி வாங்கியது. இங்கே மாகாணம் கோர்ட்டில் தோற்று, கையெழுத்துக்கூடத் தேவைப்படாமல் போயிற்று.

எண்ணெயின் மறுபக்கம்

அப்படியானால் இனுப்பியாட் மக்கள் சுகமாக இருக்கிறார்கள் என்று முடித்துவிடலாமா? முடியாது.

குழாயில் 1988-ல் நாள் ஒன்றுக்கு 20 லட்சம் பீப்பாய் எண்ணெய் ஓடியது. 2024-ல் 5 லட்சத்துக்கும் குறைவு. எண்ணெய் வற்றினால் வரி வற்றும். வரி வற்றினால் பள்ளிக்கூடம்?

எந்த எண்ணெய் சோறு போடுகிறதோ, அதை எரிப்பதால்தான் பூமி சூடாகிறது. வட துருவப் பகுதி உலக சராசரியைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாகச் சூடேறுகிறது. இறைச்சி வைத்த பனி அறைகளில் தண்ணீர் ஊறுகிறது. கடற்கரை கரைகிறது.

2023 மார்ச்சில் வில்லோ என்ற புதிய எண்ணெய்த் திட்டத்துக்கு அமெரிக்க சர்க்கார் அனுமதி தந்தது. ஜில்லா போர்டு ஆதரித்தது. மக்களின் கம்பெனியும் ஆதரித்தது. பக்கத்துக் கிராமமான நூயிக்சட்டின் ஊர்ச் சபையோ, "கலைமான் வராது, புகை வரும்" என்று எதிர்த்தது. ஒரே ஜனம், இரண்டு கட்சி. நிலத்தின் விலை ஏறினால் உறவுக்குள்ளும் பிளவு வருகிறது. ஹெனோகோவிலும் இதே கதைதான்.

கிவலினா என்ற இன்னொரு இனுப்பியாட் கிராமத்தைப் பாருங்கள். சுமார் 400 பேர். அது நார்த் ஸ்லோப்புக்கு வெளியே இருக்கிறது. எண்ணெய் வரி இல்லை. வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் வசதி வரவில்லை. கிராமம் நிற்கும் மணல்திட்டைக் கடல் தின்கிறது. 2008-ல் பெரிய எண்ணெய்க் கம்பெனிகள் மீது அவர்கள் வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட்டும் மேல் கோர்ட்டும் தள்ளிவிட்டன.

இனம் ஒன்று, மொழி ஒன்று, வேட்டை ஒன்று. எல்லைக் கோட்டின் எந்தப் பக்கம் பிறந்தோம் என்பதில் தலையெழுத்து மாறுகிறது.

வீட்டுச் சாப்பாடு

குடும்பத் தலைவிகள் கவனிக்கவேண்டிய சங்கதி ஒன்று உண்டு.

நீண்ட ஆயுளுக்கு உலகப் புகழ் பெற்ற ஊர் ஓகினாவா. சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கீரை, சோயா, கடற்பாசி. இதுதான் கிழவர்கள் வளர்ந்த சாப்பாடு. 1985-ல் ஆண்களின் ஆயுளில் ஜப்பானிலேயே முதல் இடம். தளங்களைச் சுற்றி டப்பா இறைச்சியும் வறுத்த பண்டங்களும் பெருகின. நடை குறைந்து கார் வந்தது. 2000-ல் ஆண்கள் 26-வது இடத்துக்கு இறங்கினார்கள். 2020-ல் 43-வது இடம். தாத்தா நூறு வயது. மகனுக்கு ஐம்பதில் இருதய நோய்.

இனுப்பியாட் ஊரிலும் கடைச் சாப்பாடு வந்தது. விமானத்தில் வருகிற பாலும் காய்கறியும் யானை விலை. மலிவாகக் கிடைப்பது சர்க்கரைப் பானம். ஆகவே வேட்டை அங்கே வெறும் பழக்கம் அல்ல. அது சத்துணவு, அது சிக்கனம். பங்கு போட்டுத் தின்பதால் ஏழை வீட்டு அடுப்பும் எரிகிறது.

வருமானக் கணக்கில் இது எதுவும் ஏறுவது இல்லை. திமிங்கிலப் பங்குக்கு ரசீது கிடையாது.

எது பெரிது?

இரண்டு ஜனங்களையும் தராசில் வைத்தால் என்ன தெரிகிறது?

ஒருவர் நிலத்துக்கு அடியில் இருந்தது எண்ணெய். மற்றவர் நிலத்துக்குக் கிடைத்த மதிப்பு, அது இருக்கும் இடத்தால் வந்தது. சீனாவுக்கும் கொரியாவுக்கும் பக்கத்தில் இருப்பதே அதன் குற்றம். இரண்டையும் தேடி வந்தவர்கள் வெளியார். வந்தவர்கள் இரண்டு இடத்திலும் பணம் கொடுத்தார்கள்.

எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைவிட, எப்படிக் கொடுத்தார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. வரியாக வந்த பணம் உரிமையோடு வந்தது. அதை எங்கே செலவிடுவது என்று ஊரே முடிவு செய்தது. உதவியாக வந்த பணம் கட்டளையோடு வந்தது. கொடுத்தவர் பேச்சே நின்றது.

அதிகாரம் கிடைத்தவர்களுக்கும் கவலை தீரவில்லை. எண்ணெய் வற்றும் நாளை எண்ணி நார்த் ஸ்லோப் இப்போதே திட்டமிட வேண்டியிருக்கிறது. ஆனால் அது அவர்கள் கவலை. அவர்கள் கூடிப் பேசி, சண்டை போட்டு, ஏதோ ஒரு முடிவுக்கு வருவார்கள். தப்புச் செய்தால் அதுவும் அவர்கள் செய்த தப்பு.

ஓகினாவாக்காரருக்கு அந்தத் தப்பைச் செய்யும் உரிமைகூடக் கிடைக்கவில்லை. அவர்கள் கேட்பது பணம் அல்ல. "எங்கள் வீட்டு வாசலில் என்ன கட்டுவது என்று எங்களைக் கேளுங்கள்" என்கிறார்கள்.

இது பெரிய ஆசையா?